முந்திரி ஆலையின் புது பிராண்டை உள்ளே இருப்பவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது?

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டம் பக்கம் ஆலை, 80 பேர், பெரும்பாலும் பெண்கள். லோகோ, பாக்கெட் எல்லாம் மாற்றியாச்சு. "உடையாத பருப்பு, சரியான தரம்" என்று விளம்பரம். தரம் பிரிக்கிறவர்களுக்கே அது தெரியாது. டீ-ஷர்ட் கொடுத்தால் போதுமா?

தக்கலை_ஹெச்ஆர்:
போதாதுண்ணே. முதலில் கூலியைப் பாருங்க. கிலோ கணக்கில் மட்டும் கூலி போட்டுவிட்டு "தரமே முக்கியம்" என்று போர்டு மாட்டினால் யாரும் நம்பமாட்டாங்க. வேகத்துக்குக் காசு, உடையாமைக்கு ஒன்றுமில்லை என்றால் கை வேகத்தின் பக்கம்தான் போகும். முழுப்பருப்பு விகிதத்துக்குத் தனி ஊக்கத்தொகை வையுங்க.

அடுத்து, வாக்குறுதியை மேசை வேலையாக மாற்றணும். டபிள்யூ என்பது முழுப்பருப்பின் தரக்குறி. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. ஒவ்வொரு மேசையிலும் மாதிரி வையுங்க: முழுசு, கருகினது, பிளந்தது. கண்ணாடிக் குப்பி கூடவே கூடாது, உடைந்தால் சரக்கே போச்சு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். வாரம் ஒருமுறை மாதிரியை மாற்றுங்க, ஈரக்காற்றில் நிறம் மாறும்.

விளம்பரம் வெளியே போகும் முன்னாடி ஷிப்ட் தொடக்கத்தில் 10 நிமிஷம் சூப்பர்வைசரே சொல்லட்டும். மலையாளம் பேசுகிறவர்கள் இருந்தால் அதிலும்.

கருங்கல்_தையல்:
உடைக்கு ஒரு வார்த்தை. ஓடு உடைக்கிற பிரிவுக்கு வெள்ளை வேண்டாம், ஓட்டெண்ணெய்க் கறை போகாது. அடர்நிறப் பருத்தி எடுங்க. லோகோவை எம்பிராய்டரி பண்ணுங்க, மட்டமான பிரிண்ட் துவைக்கத் துவைக்க வெடிக்கும். மேல்பையும் பொத்தானும் வேண்டாம், பருப்பில் விழும். நம்மூரில் ரெண்டு பருவமழையும் உண்டே, ஆளுக்கு 3 செட் கொடுங்க.