4 டெராபைட் டிஸ்க்: கேஷ் அதிகமுள்ளது ஏன் விலை குறைவு? (அவசரம்)

பனிமலர்:
இன்றிரவுக்குள் ஆர்டர் செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகள். இரண்டும் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுழற்சி), இரண்டும் சாட்டா (கணினியுடன் இணைக்கும் முறை) 6 ஜிகாபிட். ஒன்றில் கேஷ் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) 256 எம்பி, மற்றதில் 64 எம்பிதான். ஆனால் 256 உள்ளதுதான் விலை குறைவு! எதை வாங்குவது?

தென்றல்:
எதற்காக வாங்குகிறீர்கள்? மேசைக் கணினியா, மடிக்கணினியா? மாடல் எண் என்ன?

வேகவிரும்பி:
இரண்டையும் விட்டுவிட்டு 7200 ஆர்பிஎம் பாருங்கள். 5400-இல் தட்டில் வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 5.6 மில்லிவினாடி ஆகும்; 7200-இல் 4.2 போதும். சிறு கோப்புகள் நிறைய இருந்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

நிலவன்:
6 ஜிகாபிட் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இணைப்பின் உச்சவரம்பு, வினாடிக்கு ஏறத்தாழ 600 எம்பி. சுழலும் தட்டு அதில் பாதியைக்கூட எட்டாது. தட்டின் வெளிவிளிம்பில்தான் நல்ல வேகம். டிஸ்க் நிரம்பி உட்புறம் போகப்போக வேகம் இறங்கிவிடும். முடிந்தால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத சேமிப்பகம்) வாங்குங்கள்.

வட்டாசிரியர்:
இந்தக் கேள்வி இங்கே ஓயாமல் வருகிறது. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கேஷ், ஆர்பிஎம் எல்லாம் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போடுபவை. நீங்கள் பார்க்க வேண்டியது பதிவு முறை: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆரில் தடங்கள் (தட்டில் தரவு பதியும் வட்டங்கள்) தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுதினால் அடுத்த தடம் கெடும். ஆகவே அந்தத் தடங்கள் அடங்கிய பட்டையிலுள்ளதைப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அந்தச் சுமையைச் சமாளிக்கத்தான் கேஷைக் கூட்டுகிறார்கள். தட்டில் நெருக்கி எழுத முடிவதால் விலையும் குறைகிறது. இது அடிப்படைப் பாடம். 7200 என்று முழங்குகிறவர்களும் படிக்கலாம்.

வேகவிரும்பி:
பாடம் நடத்துவது இருக்கட்டும் ஐயா. 256 எம்பி கேஷுடன் சிஎம்ஆர் டிஸ்க்குகளும் வருகின்றன. கேஷை மட்டும் வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

வட்டாசிரியர்:
சந்தேகப்படு என்கிறேன். உறுதி செய்ய நிறுவனம் வெளியிடும் தரவுத்தாள் இருக்கிறது.

குமுதினி:
தரவுத்தாளையா நம்பச் சொல்கிறீர்கள்? எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 10 இலட்சம் மணி நேரம் என்று போடுகிறார்கள். 114 ஆண்டுகள்! எந்த டிஸ்க் அவ்வளவு காலம் ஓடியது? பச்சைப் பொய்.

நிலவன்:
பொய்யில்லை. அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் அல்ல. 1000 டிஸ்க்குகளை ஆண்டு முழுவதும் ஓட்டினால் ஏறக்குறைய 9 பழுதாகும் என்பதே அதன் பொருள். மோட்டார் தேய்ந்துபோகும் முதுமைக் காலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

குமுதினி:
அப்படியானால் ஆண்டுக்கு 0.9 சதவீதம் என்றே அச்சிடலாமே? வாங்குகிறவருக்குப் புரியக் கூடாது என்றுதானே 10 இலட்சம்?

நிலவன்:
ஆண்டுப் பழுது விகிதம் என்று அச்சிடும் தரவுத்தாள்களும் உண்டு. அதைத் தேடிப் பாருங்கள்.

தென்றல்:
கேட்டவர் எங்கே போனார்? என்ன பயன்பாடு என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் போகிறோம்.

பனிமலர்:
மேசைக் கணினி. ரெய்டு 1-இல் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் முறை) இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது, அதற்கு மாற்று. மற்றதில்தான் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

வட்டாசிரியர்:
இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! ரெய்டுக்கு எஸ்எம்ஆர் வேண்டவே வேண்டாம். மறுகட்டமைப்பில், அதாவது மிஞ்சிய டிஸ்க்கிலுள்ளதையெல்லாம் புதியதில் பதிக்கும்போது, மணிக்கணக்காக எழுதுவது ஓயாது. நெருக்கிப் பதியாத சிறு பகுதி ஒன்றில்தான் எஸ்எம்ஆர் டிஸ்க் முதலில் எழுதி வைக்கும். அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். பதில் வரத் தாமதமானால் புதிய டிஸ்க்கையே பழுது என்று ரெய்டு ஒதுக்கிவிடக்கூடும்.

தென்றல்:
மறுகட்டமைப்பைத் தொடங்கும் முன் படங்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். மிஞ்சியிருப்பதும் பழையதுதானே? அத்தனை மணி நேரம் இடைவிடாமல் படிக்கும்போது அதுவும் நின்றால் எல்லாம் போய்விடும். இன்னொன்று: புதியதன் செக்டர் (தரவு பதியும் சிறு கூறு) எண்ணிக்கை பழையதைவிடக் குறைந்தால் ரெய்டு அதைச் சேர்த்துக்கொள்ளாது.

பனிமலர்:
தரவுத்தாள் கிடைத்தது. 256 எம்பி உள்ளது எஸ்எம்ஆர், வேலைச்சுமை வரம்பு (கையாளக்கூடிய தரவின் அளவு) ஆண்டுக்கு 55 டெராபைட். 64 உள்ளது சிஎம்ஆர், 180 டெராபைட். இரண்டாவதை ஆர்டர் செய்துவிட்டேன். நன்றி.

தென்றல்:
படங்களை நகலெடுத்தீர்களா?

குமுதினி:
அந்த 55 டெராபைட் எழுதுவதற்கு மட்டுமா, படிப்பதும் சேர்த்தா?

நிலவன்:
ஹார்டு டிஸ்க்கில் இரண்டும் சேர்த்துத்தான். எஸ்எஸ்டியில் எழுதுவதை மட்டும் கணக்கிடுவார்கள்.