2014 இல் வாங்கிய கணினிக்கு மாற்று: கடை தந்த பட்டியல் சரியா?

அச்சுப்பிழை எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ், பாடசாலை மலர், ஒருவர் இறந்த 31 ஆம் நாளில் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டு ஆகியவற்றுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். நான் பாவிக்கும் கணினி 2014 இல் பொருத்துவித்தது. இன்டெல் ஐ5-4460 புரொசெசர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், இடையில் சேர்த்த 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி., தொடக்கம் முதல் உள்ள 1 டெராபைட் வன்தட்டு. இத்தனை காலமும் குறை சொல்லும்படி அது நடந்துகொண்டதில்லை. ஆனால் இரண்டு மாதமாகக் காலையில் மூன்று நான்கு தடவை பொத்தானை அழுத்திய பின்னரே இயங்கத் தொடங்குகிறது. சில நாட்களில் நீண்ட பீப் ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. ஒருவாறு திறந்துகொண்டாலும் கடிகாரம் கடந்துபோன ஏதோவொரு வருடத்தைக் காட்டுகிறது. மற்ற வேலைகளுக்கு ஒரு நாள் தவணை கேட்கலாம். கல்வெட்டுக்கு அது நடவாது. 31 ஆம் நாள் என்றால் 31 ஆம் நாள்தான்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. என் புரொசெசர் விண்டோஸ் 11 இன் பட்டியலில் இல்லை. ஆகவே புதிதாகவே பொருத்திவிடலாம் என்று ஒரு கடையில் கேட்டபோது அவர்கள் எழுதித் தந்தது இது: ஐ5-12400எஃப், எச்610 மதர்போர்ட், 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ராம் ஒன்று, 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., பாவித்த 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று, கேசிங்குடன் சேர்ந்து வரும் 600 வொட் பவர் சப்ளை. திரை, விசைப்பலகை, ஏ3 லேசர் அச்சுப்பொறி எல்லாம் என்னிடம் உண்டு. கையில் உள்ளது இரண்டு இலட்சம் ரூபாய்; அதற்கு மேல் ஏற விரும்பவில்லை. இன்டிசைன், போட்டோஷாப் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்; 96 பக்க மலர் ஒன்று படங்களுடன் ஏறினால் இப்போதைய கணினி மூச்சு வாங்குகிறது. விளையாட்டு எதுவும் இல்லை. இந்தப் பட்டியலை நம்பிப் பணம் கட்டலாமா?

மூன்றாம் மாடி எழுதியது:

நான் பல வருடமாகக் கணினி திருத்துபவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலின் கோளாறு 12400 க்குப் பின்னால் நிற்கும் எஃப் என்ற எழுத்தில் தொடங்குகிறது. எஃப் என்றால் புரொசெசருக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. ஆகவே திரையில் எதையாவது காட்டுவதற்கே தனி கார்ட் ஒன்று தேவைப்படுகிறது. அந்தக் கார்டுக்காகப் பணம் போகிறது. போன பணத்தை ஈடுகட்ட ராமும் பவர் சப்ளையும் மெலிகின்றன. எஃப் இல்லாத 12400 ஐ எடுத்தால் அதனுள்ளேயே யூ.எச்.டி. 730 கிராஃபிக்ஸ் இருக்கிறது. பக்க அமைப்புக்கும் படங்களின் நிறம் திருத்துவதற்கும் அது தாராளம், இரண்டு திரைகளையும் ஓட்டும். எத்தனை கை மாறியது என்று தெரியாத பாவித்த கார்ட் உங்கள் வேலைக்கு எதற்கு? அதை அடித்துவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தை முதலில் ராமில் போடுங்கள். 8 ஜி.பி. இல் நீங்கள் இப்போதே மூச்சுத் திணறுகிறீர்கள். புதிய கணினியிலும் அதே 8 என்றால் செலவழித்ததில் பாதி வீண். குறைந்தது 16 ஜி.பி., அதுவும் 8 ஜி.பி. ஆக இரண்டு. ஒன்றை மட்டும் செருகினால் ராமுக்கும் புரொசெசருக்கும் இடையிலான இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கும். உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் அதே ராமைப் பங்குபோட்டுக்கொள்வதால் அந்தக் குறை உங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். எச்610 பலகையில் ராம் செருகும் இடங்கள் இரண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு 32 ஆக்க விரும்பினால் பழைய இரண்டையும் கழற்றித்தான் ஆகவேண்டும். அதனால் நான்கு இடங்களுள்ள பி660 அல்லது பி760 பலகை, டி.டி.ஆர்.4 ஏற்கும் வகையில் கிடைத்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுப்பேன். அதே பெயரில் டி.டி.ஆர்.5 பலகைகளும் வருகின்றன, ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. பெட்டியிலுள்ள எழுத்தைக் கடையிலேயே வாசித்துவிடுங்கள்.

ராம் விலை 2025 இன் பிற்பகுதியிலிருந்து எல்லா நாட்டிலும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் சேவையகங்களுக்கு நினைவகச் சில்லுகள் போய்க் குவிவதே காரணம். மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற பெயரில் நம்மைப் போன்றோருக்கு விற்றுவந்த ராம், எஸ்.எஸ்.டி. வணிகத்தை விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கடைக்காரர் ராமின் விலையைச் சொல்லும்போது அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைக்கவேண்டாம். ஆனால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்காமல் வாங்கவும் வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் கணினி சாகவில்லை என்றே எனக்குப் படுகிறது. கடிகாரம் பின்னுக்குப் போவது மதர்போர்டிலுள்ள பொத்தான் பற்றரி, சி.ஆர்.2032 என்பது, தீர்ந்துவிட்டதற்கு அடையாளம். பீப் ஒலி பெரும்பாலும் ராமின் முறைப்பாடு. நீங்கள் இருப்பது ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும் ஊர். உப்புக்காற்று தொடுமுனைகளில் படிந்துவிடும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு ராமை வெளியே எடுத்து, அதன் பொன்னிற முனைகளைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் தள்ளிவிட்டுத் திரும்பச் செருகிப் பாருங்கள். அதே நேரத்தில் புரொசெசரைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் பலகையின் காலம் முடிந்தது.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

மூன்றாம் மாடி அண்ணா சொன்னதில் ஒன்றுடன் நான் உடன்படவில்லை. 12400 பொருந்தும் எல்.ஜி.ஏ. 1700 இருக்கையை, அதாவது மதர்போர்டில் புரொசெசர் அமரும் அந்த வகை இடத்தை, இன்டெல் 2024 ஒக்டோபருடன் கைவிட்டு 1851 க்குப் போய்விட்டது. ஏ.எம்.டி. இன் ஏ.எம்.5 இருக்கைக்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரவு உண்டு என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7600 ஐ எடுத்தால் அதிலும் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் உண்டு, குளிரூட்டும் விசிறியும் பெட்டிக்குள்ளேயே வருகிறது, நான்கு வருடத்தின் பின் பலகையை மாற்றாமல் புரொசெசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்று மலிவு என்பதற்காக முடிந்துபோன பாதையில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் மாடி எழுதியது:

தம்பி, ஏ.எம்.5 நல்ல இருக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அது டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும். இன்றைய விலையில் அந்த ஒரு பொருளே இவருடைய இரண்டு இலட்சத்தைக் கலைத்துவிடும். அதைவிட முக்கியம், கேட்பவர் யார் என்பது. 2014 இல் வாங்கிய புரொசெசரை இன்றுவரை மாற்றாதவர் இவர். இப்படிப்பட்டவர்கள் புரொசெசரை இடையில் மாற்றுவதில்லை, முழுக் கணினியையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தேடுவார்கள். அவர்களுக்கு இருக்கையின் எதிர்காலம் என்பது வாங்கும் அன்று மட்டும் இனிக்கும் விஷயம்.

அச்சுப்பிழை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளின் அழிறப்பரை எடுத்துத் தேய்த்தேன். வெள்ளை றப்பர் கரிக்கோடு கோடாகக் கறுத்துப்போனது. பற்றரியையும் மாற்றினேன். இன்று காலை முதல் அழுத்திலேயே திறந்துகொண்டது, கடிகாரமும் சரி. ஆனால் நீங்கள் சொன்ன உருளைகளில் இரண்டின் தலை உப்பி, ஒன்றின் மேல் மண்ணிறக் கசிவு காய்ந்திருக்கிறது. ஆகவே வாங்குவது உறுதி, அவசரம் மட்டும் குறைந்தது.

இன்னொன்று கேட்கவேண்டும். கணினி ஓடும்போது வெறுங்காலுடன் நின்று கேசிங்கின் பின்புறத் தகட்டைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம். எங்கள் வீடு பழையது, அந்த அறையில் இரண்டு முள் செருகி மட்டும்தான். புதியதிலும் இப்படி இருக்குமா?

தெஹிவளை மின்வேலை எழுதியது:

இருக்கும். அதைக் கணினியை மாற்றித் தீர்க்க முடியாது. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் கேசிங்குக்கு ஒவ்வொரு சிறிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) இணைக்கப்பட்டிருக்கும். நில இணைப்பு இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும். இரண்டு முள் செருகியில் அது போக வழியில்லாததால் கேசிங் நம் 230 வோல்ட்டின் ஏறக்குறையப் பாதியில் மிதக்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பவர் சப்ளை உள்ளே பழுதடைந்து மின்கம்பி தகட்டைத் தொடும் நாளில், உங்கள் ட்ரிப் சுவிட்ச் விழுவதற்குக் கசிவு உங்கள் உடல் வழியாகப் போகவேண்டிவரும். அந்த அறைக்கு நில இணைப்புடன் 13 அம்பியர் சதுர முள் செருகி ஒன்றை முதலில் போடுங்கள். இரண்டு முள்ளுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

பவர் சப்ளையைப் பற்றி: கேசிங்குடன் வரும் 600 வொட் என்பதன் பக்கவாட்டு ஒட்டியைப் படித்துப் பாருங்கள். 12 வோல்ட் என்ற நிரலுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று இருக்கும். 18 அம்பியர் என்றிருந்தால் 12 ஐ 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 216 வொட். புரொசெசர் உண்பது அந்த வரியிலிருந்துதான். உங்களுக்குத் தனி கார்ட் இல்லை, 12400 உச்சத்தில் 117 வொட் இழுக்கும். ஆகவே நம்பகமான 450 வொட் ஒன்று போதும். 80 பிளஸ் முத்திரை மின் விரயம் குறைவு என்று சொல்லுமே தவிர, உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் உண்டா என்று சொல்லாது.

கொழும்பில் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். அந்த நேரத்தில் செருகியைக் கழற்றிவைப்பதைவிட மலிவான பாதுகாப்பு எதுவுமில்லை. இணையக் கம்பி ரவுட்டரிலிருந்து வந்தால் அதையும் கழற்றுங்கள், அதன் வழியாகவும் அடி வரும். 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று உங்கள் கணினியையும் திரையையும் பத்து நிமிடமளவில் தாங்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது எனக்குக் கோப்பைச் சேமித்து ஒழுங்காக மூட அது தாராளமாகப் போதுமாக இருந்தது. லேசர் அச்சுப்பொறியை மட்டும் அதில் செருகாதீர்கள். மை உருக்கும் உருளை சூடேறும் கணத்தில் இழுக்கும் வலுவை அந்தச் சிறு பெட்டி தாங்காது.

மூன்றாம் மாடி எழுதியது:

புதியதில் விண்டோஸ் 11 போடுவதற்கு முன் எழுத்துருக்களைப் பாருங்கள். பாமினி போன்ற ட்ரூடைப் எழுத்துருக்கள் அப்படியே ஓடும். ஆனால் பி.எஃப்.பி. என்று முடியும் பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களை அடோபி 2023 ஜனவரியுடன் கைவிட்டுவிட்டது. புதிய இன்டிசைனில் அவை பட்டியலிலேயே வராது. பழைய மலர்களை மறுபதிப்புக்குத் திறந்தால் எழுத்து மாறி வரிகள் இடம் பெயரும். அப்படி ஏதும் இருந்தால் பழைய கணினியை எறியவேண்டாம். வன்தட்டிலுள்ளவற்றை இன்றே வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுங்கள், புதிய கணினி வரும்வரை காத்திருக்கவேண்டாம். உத்தரவாதத்தை ஒவ்வொரு பொருளுக்கும் தொடர் இலக்கத்துடன் பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். "முழுக் கணினிக்கும் ஒரு வருடம்" என்று ஒற்றை வரியில் வாங்கினால், மூன்று வருட உத்தரவாதமுள்ள புரொசெசருக்கும் ஒரு வருடம்தான் மிஞ்சும்.

அச்சுப்பிழை எழுதியது:

தேடிப் பார்த்ததில் பி.எஃப்.பி. கோப்புகள் 41 அகப்பட்டன, 2003 இல் ஒருவர் இறுவட்டில் தந்தவை. ஆகவே பழையது மேசைக்குக் கீழே தொடர்ந்து இருக்கும், இணையத்தில் இணைக்காமல். எஃப் இல்லாத 12400, நான்கு ராம் இடமுள்ள டி.டி.ஆர்.4 பி760 பலகை, 8 ஜி.பி. ஆக இரண்டு ராம், அதே 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., தனியாக வாங்கும் 450 வொட் பவர் சப்ளை, வெறும் கேசிங் என்று இரண்டு கடைகளில் விலை கேட்டிருக்கிறேன், யூ.பி.எஸ். ஐயும் சேர்த்தால் என் தொகையைச் சற்றே தாண்டுகிறது, அதை அடுத்த மாதம் வாங்குவேன். மின்வேலைக்காரர் சனிக்கிழமை வருகிறார். செருகி போட்டு முடித்த பின்னரே பொருட்களை எடுக்கப் போவேன்.