6.6 கேவி டிரைவ்: ரெக்டிஃபயர், கூலிங் தேர்வில் ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. சிமென்ட் ஆலையின் ப்ரீஹீட்டர் ஃபேனுக்கு 2,000 கிலோவாட், 6.6 கேவி விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) தேர்வு செய்கிறோம்.

ஃபேன் லோடு; மின்சாரத்தை லைனுக்குத் திருப்பி அனுப்பும் தேவை இல்லை. அதனால் ஆக்டிவ் ஃப்ரன்ட் எண்டை (மின்சாரத்தை லைனுக்குத் திருப்பவும் வல்ல ரெக்டிஃபயர்) விட்டுவிட்டு, ஏசியை டிசியாக்க மட்டும் செய்யும் 36 பல்ஸ் டயோடு ரெக்டிஃபயருக்குப் போகலாம் என்பது என் எண்ணம். ஹார்மோனிக்ஸ் (லைன் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் தேவையற்ற கரன்ட்) பல இதில் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஆனால் சப்ளையில் வோல்டேஜ் அன்பேலன்ஸ் (மூன்று ஃபேஸும் சமமில்லாமை) இருந்தால் 5, 7ஆம் ஹார்மோனிக்ஸ் முழுதாக ரத்தாகாமல் தலைகாட்டும். அதை அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிங்தான் பெரிய சிக்கல். டிரைவின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து 3 சதவீத இழப்பு என்று வைத்தால் 60 கிலோவாட் சூடு. அறைக்குள்ளேயே விட்டால் அதற்கு மட்டும் 17 டன் ஏசி வேண்டும். டக்ட் வைத்து வெளியே தள்ளினால் அதே அளவு வெளிக்காற்று உள்ளே வரும். சிமென்ட் தூசி ஃபில்டரை அடைத்து, காற்றோட்டம் குறைந்து, ஓவர் டெம்பரேச்சரில் டிரிப் ஆகும். வாட்டர் கூலிங்கில் தூசித் தொல்லை குறைவு. ஆனால் தண்ணீரிலுள்ள அயனிகளை நீக்கும் ரெசின் தீர்ந்தால் டீஅயனைஸ்டு தண்ணீரின் கண்டக்டிவிட்டி (மின்கடத்தும் திறன்) ஏறி டிரிப் ஆகும்.

மூன்றாவது வழி, அறைக் காற்றையே சுழலவிட்டு ஏர்–வாட்டர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்விப்பது. தூசி உள்ள ஆலையில் இதை ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? காயிலில் உப்பு படிவதும் லீக்கும் எப்படி? ரெசினை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?