ஜாவாவில் ஃபங்ஷனல் முறை: சங்கிலியை எங்கே நிறுத்துவது?

மடிவாளாக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பேருந்து முன்பதிவு நிறுவனம் ஒன்றில் ரீஃபண்ட் பகுதியை நான் கவனித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவிலிருந்து சேலம், மதுரை, திருநெல்வேலி என்று வண்டிகள் கிளம்பும் நேரம்தான் எங்களுக்கு நெருக்கடியான நேரம்; ஊருக்குப் போகிறவர்களும், கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் டிக்கெட்டை ரத்து செய்கிறவர்களும் ஒன்றாகவே வந்து சேர்வார்கள்.

எங்கள் நிரல் ஜாவா 17-இல் இருக்கிறது. டிக்கெட் என்று ஒரு கிளாஸ். அதில் நிலையைக் குறிக்கும் ஓர் எனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்), கட்டண எண், ரத்தான நேரம், ரீஃபண்ட் தொகை ஆகியவை உண்டு. நிலையைப் பொறுத்து இவற்றில் சில 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லை) என்று இருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, இருக்கையைப் பிடித்து வைத்துவிட்டுப் பணமே கட்டாமல் காலாவதியான ஒரு டிக்கெட், 'ரத்து' என்ற நிலையோடு ரீஃபண்ட் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது. கட்டண எண் நல். நல்பாயின்டர் எக்ஸெப்ஷனில் 50 டிக்கெட் கொண்ட தொகுப்பு பாதியில் நின்று, மறுமுயற்சியில் முதலிலிருந்து ஓடியதால், அதற்குள் பணம் பெற்றுவிட்ட பயணிகளுக்கு இரண்டாம் முறையும் பணம் போனது. அனுப்பும் வேலையை ஸ்ட்ரீமின் மேப்புக்குள்ளேயே (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றும் படி) எழுதியிருந்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு, வெற்றி அல்லது பிழை என்ற இரண்டில் ஒன்றைத் தரும் 'ரிசல்ட்' டைப் ஒன்றை நானே எழுதி, எல்லாவற்றையும் ஃபிளாட்மேப் சங்கிலியாக, அதாவது ஒரு படி வெற்றியானால் மட்டும் அதன் விடையை அடுத்த படிக்குக் கொடுக்கும்படி, மாற்றினேன். இப்போது சங்கிலியில் 11 படிகள் இருக்கின்றன. ரிவ்யூ செய்த மூத்தவர் இதைப் படிக்கவே முடியவில்லை என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழாவது படிக்கு இரண்டாவது படியின் மதிப்பு தேவைப்படுவதால் லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) லாம்டாவாக அடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் தனிப் பிழை டைப் இருப்பதால் அவற்றை ஒன்றுசேர்க்க முடியவில்லை. செக்டு எக்ஸெப்ஷன் (பிடிக்கவோ அறிவிக்கவோ வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை) வீசும் எதையும் லாம்டாவுக்குள் நேரடியாக அழைக்க முடியவில்லை. ஜாவாவில் ஃபங்ஷனல் முறை என்பதே ஆற்றுக்கு எதிர்நீச்சலா? கோட்லினுக்கோ ஸ்காலாவுக்கோ போய்விடுவதுதான் வழியா?

அல்சூர்வாசி எழுதியது:

தம்பி, சங்கிலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலோ சங்கிலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உங்கள் டிக்கெட் கிளாஸ் பொய் சொல்லக்கூடிய கிளாஸ். 'ரத்து' என்று சொல்லிக்கொண்டு கட்டண எண் இல்லாமல் நிற்கவும், 'உறுதி' என்று சொல்லிக்கொண்டு ரீஃபண்ட் தொகையைச் சுமக்கவும் அதனால் முடியும். அப்படிப்பட்ட ஒன்றைச் சங்கிலியின் வாசலில் விட்டுவிட்டு, உள்ளே படிக்குப் படி சோதனை போடுவதால்தான் 11 படிகள் வந்தன. எண்ணிப் பாருங்கள், அவற்றில் பாதியாவது 'இது நல் தானா' என்று கேட்கும் படிகளாக இருக்கும்.

வழக்கமாக ஃபங்ஷனல் என்றதும் மேப், ஃபில்டர், லாம்டா ஆகியவைதான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது கையில் கிடைத்தவை அவைதாம் என்பது அதற்கு ஒரு காரணம். எடின்பரோவில் ராபின் மில்னர் குழுவினர் 1970-களில் உருவாக்கிய எம்எல் மொழியின் வழிவந்த மொழிகளில் எழுதுகிறவர்களைக் கேட்டால், ஒரு மதிப்பு எந்தெந்த வடிவங்களில் மட்டுமே இருக்க முடியும் என்பதை டைப்பிலேயே எழுதிவிடுவதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த வசதி ஜாவாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ரெக்கார்டு (உருவான பின் புலங்களை மாற்ற முடியாத தரவு கிளாஸ்) ஜாவா 16-இலும், சீல்ட் இன்டர்ஃபேஸ் (தன் கீழ் எந்தெந்த வடிவங்கள் மட்டும் வரலாம் என்று முன்பே அறிவித்துவிடும் இன்டர்ஃபேஸ்) 17-இலும் நிலைபெற்றன. ஆகவே உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

டிக்கெட் என்பதை ஒரு சீல்ட் இன்டர்ஃபேஸாக்கி, அதன் கீழ் பிடித்துவைத்தது, காலாவதியானது, உறுதியானது, ரத்தானது, திருப்பியது என்று ஐந்து ரெக்கார்டுகளை எழுதுங்கள். (ஜாவா தமிழ் எழுத்துப் பெயர்களையும் ஏற்கும், உங்கள் மூத்தவர் ஏற்பாரா என்பது வேறு கேள்வி.) கட்டண எண் காலாவதியானதில் இல்லவே இல்லை, ரத்தானதிலோ, கன்ஸ்ட்ரக்டரிலேயே நல்லை மறுத்துவிட்டால், இல்லாமல் இருக்கவே முடியாது. ரீஃபண்டைக் கணக்கிடும் ஃபங்ஷன் டிக்கெட்டை வாங்கக் கூடாது, ரத்தானதை மட்டுமே வாங்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை டிக்கெட்டை அந்த ஃபங்ஷனிடம் கொடுக்கும் வரியே கம்பைல் ஆகியிருக்காது. கட்டண எண்ணையும் டிக்கெட் எண்ணையும் வெறும் ஸ்ட்ரிங்காக விடாமல் தனித்தனி ரெக்கார்டில் பொதிந்துவிட்டால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாற்றிக் கொடுப்பதும் நின்றுபோகும்.

ஆனால் 17-இல் ஒரு குறை உண்டு. எல்லா வடிவங்களையும் கையாண்டிருக்கிறீர்களா என்று கம்பைலரே சரிபார்க்கும் பேட்டர்ன் ஸ்விட்ச், 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இல்தான் முழுமையாக நிலைபெற்றது. 17-இல் அது முன்னோட்டமாக மட்டுமே இருக்கிறது. இன்ஸ்டன்ஸ்ஆஃப் அடுக்கு ('இது இந்த வடிவமா' என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் இஃப்கள்) எழுதினால் ஒன்றை மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. 21-க்கு மாறும் வரை இன்டர்ஃபேஸிலேயே 'மடி' என்று ஒரு மெத்தடை வைத்து, வடிவத்துக்கு ஒன்றாக ஐந்து லாம்டாக்களை அது கேட்கும்படி செய்யுங்கள். நாளை ஆறாவது வடிவம் வந்தால் அந்த மெத்தடை அழைக்கும் எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் உடையும். 21-க்கு மாறிய பிறகும் ஸ்விட்சில் டீஃபால்ட் எழுதாதீர்கள். எழுதினால் புதிய வடிவங்களெல்லாம் சத்தமில்லாமல் அதற்குள் போய் விழும்.

ஓசூர் ரோடு எழுதியது:

அல்சூர்வாசி சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நல்பாயின்டரை டைப் தடுத்திருக்கும்; இரண்டு முறை பணம் போனதை அது தடுத்திருக்காது. அன்று நல் வந்தது, இன்னொரு நாள் 23-ஆவது டிக்கெட்டில் நெட்வொர்க் அறுந்துபோகும். தொகுப்பு மறுபடி முதலிலிருந்து ஓடும், பயணிகளுக்கு மறுபடியும் பணம் போகும். கம்பைலரின் அதிகாரம் உங்கள் சர்வரின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

இதற்கான மருந்தும் ஃபங்ஷனல் முறையில்தான் இருக்கிறது, வேறொரு மூலையில். முடிவெடுப்பதையும் செய்வதையும் பிரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபங்ஷன் ரத்தான டிக்கெட்டுகளையும் தற்போதைய நேரத்தையும் வாங்கிக்கொண்டு, 'அனுப்ப வேண்டிய ரீஃபண்ட்' என்ற ரெக்கார்டுகளின் பட்டியலைத் திருப்பித் தரட்டும். அது எதையும் அனுப்பாது, டேட்டாபேஸைத் தொடாது, கடிகாரத்தையும் பார்க்காது. கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போது ஒரு தொகை, 23 மணி 59 நிமிடம் இருக்கும்போது வேறு தொகை என்பதைச் சோதிக்க, நேரத்தை வெளியிலிருந்து கொடுப்பதைவிட எளிய வழி கிடையாது. வெளியே ஒரு சாதாரண ஃபார் லூப் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பி, ஒவ்வொன்றின் முடிவையும் எழுதிவைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு ரெக்கார்டிலும் டிக்கெட் எண்ணிலிருந்து உருவான ஒரு சாவி இருக்க வேண்டும். பணம் அனுப்பும் பக்கம் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் ஒரு முறைதான் செயல்பட வேண்டும். முயற்சிக்கு ஒரு புதுச் சாவியை உருவாக்கினால் அது சாவியே இல்லை. இதை நானே ஒரு முறை செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணக்கை நேர்செய்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். ஹாஸ்கெல்லில் 'டூ', ஸ்காலாவில் 'ஃபார்', ரஸ்ட்டில் கேள்விக்குறி என்று, ஃபிளாட்மேப் சங்கிலியை நேர்வரிசையாக எழுத அந்தந்த மொழியே ஒரு வசதியைக் கொடுக்கிறது. ஜாவாவில் அது இல்லை. இல்லாததை லாம்டாக்களால் கட்ட முயன்றால் உங்கள் ஏழாவது படியில் நடந்ததுதான் நடக்கும். முந்தைய மதிப்பு பின்னால் தேவைப்படும் இடத்தில் நான் சங்கிலியைக் கைவிட்டுவிடுவேன். ரிசல்ட் பிழையாக இருந்தால் அங்கேயே ரிட்டர்ன் செய்துவிட்டு, இல்லையென்றால் மதிப்பை ஒரு பெயரில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவேன். ரஸ்ட்டின் கேள்விக்குறி செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் டீபக்கரில் வரிவரியாக நடந்து போகலாம்.

பிழைகளுக்குப் படிக்கு ஒரு டைப் வேண்டாம். 'ரீஃபண்ட் பிழை' என்று ஒரே சீல்ட் இன்டர்ஃபேஸ் போதும். அதன் கீழ் வரவேண்டியவை, அழைத்தவர் தெரிந்துகொண்டு வேறு முடிவெடுக்கக்கூடிய பிழைகள் மட்டுமே: வண்டி கிளம்பிவிட்டது, ஏற்கெனவே திருப்பியாயிற்று என்பன போன்றவை. டேட்டாபேஸ் படுத்துவிட்டது என்பதை ரிசல்ட்டுக்குள் திணிக்காதீர்கள், அது எக்ஸெப்ஷனாகவே மேலே போகட்டும். ஜாவாவின் 'ஃபங்ஷன்' இன்டர்ஃபேஸில் உள்ள மெத்தட் எந்தச் செக்டு எக்ஸெப்ஷனையும் அறிவிக்காததால்தான் உங்கள் லாம்டாக்கள் தடுக்கப்படுகின்றன. எல்லையில் ஒரே இடத்தில் பிடித்து அன்செக்டாக மாற்றிவிட்டால் உள்ளே அந்தத் தொல்லை இருக்காது.

மொழி மாறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்லினிலும் ஃபிளாட்மேப் சங்கிலி சங்கிலிதான். ஜாவா நிரலோடு அது ஒன்றாக வாழும் என்பதால், மாற வேண்டுமென்றால் பிறகு ஒரு மூலையிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

இரவுப்பணி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒன்றின் விடை இன்னொன்றுக்குத் தேவைப்படும் படிகளுக்குத்தான் ஃபிளாட்மேப். முன்பதிவுப் படிவத்தில் பெயர், வயது, கைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்ப்பது அப்படியல்ல. மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. அதைச் சங்கிலியாக எழுதினால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். பயணி பெயரைத் திருத்தி அனுப்பினால் வயது தவறு என்றும், அதைத் திருத்தினால் எண் தவறு என்றும் பதில் வரும். அத்தகைய இடத்தில் மூன்றையும் ஓடவிட்டு, பிழைகளை ஒரு லிஸ்டில் சேர்த்து, லிஸ்ட் காலியாக இருந்தால் மட்டும் பயணி ரெக்கார்டை உருவாக்குங்கள்.

ஆப்ஷனலின் மேப்புக்குள் கொடுக்கும் ஃபங்ஷன் நல்லைத் திருப்பினால் விடை சத்தமில்லாமல் காலி ஆப்ஷனலாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'கட்டண எண் இல்லை' என்பதும் 'தேடும் நிரலில் பிழை' என்பதும் அங்கே ஒன்றுபோலவே தெரியும்.

மடிவாளாக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இந்த ஒரு வாரத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். காலாவதியானதைத் தனி ரெக்கார்டாக்கி 'மடி' மெத்தடைச் சேர்த்ததும் மூன்று இடங்கள் உடைந்தன. இரண்டு எதிர்பார்த்தவை. மூன்றாவது குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி. பணமே கட்டாதவர்களுக்கும் 'உங்கள் பணம் விரைவில் வந்து சேரும்' என்று இத்தனை நாள் செய்தி போய்க்கொண்டிருந்திருக்கிறது. வாடிக்கையாளர் பிரிவுக்கு வந்த விளங்காத அழைப்புகளில் சில ஏன் வந்தன என்பது இப்போதுதான் புரிகிறது. 11 படிகள் நான்காகிவிட்டன. அந்த நான்கையும் சாதாரண ரிட்டர்ன்களாகவே எழுதிவிட்டேன். தற்போது இடிப்பது ஒன்றுதான்: டிக்கெட் வரிசைகள் ஜேபிஏ (டேட்டாபேஸ் வரிசைகளை ஜாவா ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் ஏற்பாடு) வழியாக வருகின்றன, ரெக்கார்டுகளை அது என்டிட்டியாக (வரிசையைக் குறிக்கும் கிளாஸாக) ஏற்கவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

அல்சூர்வாசி எழுதியது:

அது ஏற்காது, என்டிட்டிக்கு ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், ஃபைனல் அல்லாத கிளாஸ் வேண்டும், ரெக்கார்டோ எப்போதுமே ஃபைனல்தான். பழைய கிளாஸை நீக்காமல் 'டிக்கெட் வரிசை' என்று பெயர் மாற்றி எல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நல்கள் அங்கே வாழட்டும். டேட்டாபேஸிலிருந்து வந்ததும் ஒரே ஒரு ஃபங்ஷன் அதை ஐந்து ரெக்கார்டுகளில் ஒன்றாக மாற்ற வேண்டும், முடியாதென்றால் அந்த வரிசையின் எண்ணோடு பிழையைத் தர வேண்டும். பழைய தரவின் மேல் அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 'ரத்து' என்று எழுதியும் கட்டண எண் இல்லாத வரிசைகள் எத்தனை கிடக்கின்றன என்று தெரிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஓட்டிவிடுங்கள்.