மறு: பீர் கையேடு – ‘பச்சை பீர்’ வேண்டாம், ‘வழைச்சு’ சரிவருமா?

வணக்கம். வீட்டில் பீர் போடுகிறவர்களுக்கான நம் தமிழ்க் கையேட்டில், இன்னும் பக்குவம் வராத ‘கிரீன் பீர்’ என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற இழைக்கு என் பதில் இது.

> ‘கிரீன் பீர்’ என்பதைப் ‘பச்சை பீர்’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

ஈப்போ அண்ணனின் இந்த வரிக்கு முதலில் பதில். புரியும் அண்ணே, ஆனால் தப்பாகப் புரியும். செயின்ட் பேட்ரிக் நாளுக்குச் சாயம் கலந்து ஊற்றுகிற பச்சை நிற பீர் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரில் மதுக்கூடங்கள் நிறைந்த சாங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் போய்வருகிற பிள்ளைகளிடம் ‘பச்சை பீர்’ என்றால் அதைத்தான் நினைப்பார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த ஒரு சொல்லில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நாங்கள் தமிழில் பேசிக்கொள்ளும்போதும் ‘அந்த டேங்க் இன்னும் கிரீனா இருக்கு’ என்றுதான் சொல்வோம். அதில் நிறத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. நொதித்தல் ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஆனால் குடிக்கிற பக்குவம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஜெர்மானியர்கள் இதையே ‘யுங்பியர்’, அதாவது இளம் பீர் என்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், ‘பீரில் கோளாறு’ அத்தியாயமே இதை நம்பித்தான் நிற்கிறது. வீட்டில் புதிதாகப் பீர் போடுகிறவர் முகர்ந்து பார்க்கிறார், ஏதோ வாடை வருகிறது. அது பொறுத்திருந்தால் போகிற வாடையா, எத்தனை நாள் பொறுத்தாலும் போகாத வாடையா? இது தெரியாமல் நல்ல பீரைக் கழுவுதொட்டியில் கொட்டுகிறவர்கள் பாதிப் பேர், கெட்ட பீரைப் பாட்டிலில் அடைத்து வைத்துக் காத்திருக்கிறவர்கள் மீதிப் பேர்.

பொறுத்தால் போகிறவை முக்கியமாக மூன்று. முதலாவது அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் சர்க்கரையை ஒரே தாவலில் ஆல்கஹாலாக்கிவிடுவதில்லை. சர்க்கரை முதலில் பைருவேட் ஆகிறது, அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து அசிட்டால்டிஹைடு ஆகிறது, கடைசிப் படியில்தான் எத்தனால். நொதித்தல் மும்முரமாக நடக்கும் நாட்களில் இந்த இடைப்பொருள் கொஞ்சம் செல்லைவிட்டு வெளியே வந்து பீரில் தங்கிவிடும். வேகம் அடங்கியதும் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்து எத்தனாலாக்கும். அதற்குள் அவசரப்பட்டு பீரை வேறு கலத்துக்கு மாற்றினாலோ, குளிர்ப்பெட்டியில் வைத்து ஈஸ்ட்டை அடியில் படியவிட்டாலோ வேலை பாதியில் நின்றுபோகும். லிட்டருக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும்: பச்சை ஆப்பிள், அப்போதுதான் வெட்டிய பூசணிக்காய், சிலருக்குச் சுவர் பெயிண்ட்.

இரண்டாவது டயசிட்டைல், வெண்ணெய் வாடை. இதில் ஒரு சுற்று கூடுதல். ஈஸ்ட் வெளியே விடுவது டயசிட்டைலை அல்ல, அதன் முன்னோடியான ஆல்ஃபா அசிட்டோலாக்டேட்டை. அதற்கு வாடை இல்லை. பீருக்குள் அது மெதுவாகத் தானே டயசிட்டைலாக மாறும். அதன்பிறகுதான் ஈஸ்ட் அதை உள்ளே இழுத்து வாடை தெரியாத பொருளாக மாற்றும். பாட்டிலில் அடைக்கும்போது சுத்தமாக இருந்த பீர் சில வாரம் கழித்து வெண்ணெய் மணத்தோடு திறப்பது இதனால்தான். ஆலையில் ஒரு சோதனை செய்வோம், அதைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் மாதிரி எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60 முதல் 70 டிகிரி சூட்டில் இருக்கும் நீரில் ஒரு மணி நேரம் போல வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பார்ப்பது. சூடான குப்பியில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்னோடி இன்னும் மிச்சம் இருக்கிறது, அடைக்காதே என்று அர்த்தம். வீட்டிலும் இதற்கு ஒரு செலவும் இல்லை.

மூன்றாவது, அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை. குளிரில் நொதிக்கிற லாகர் வகை ஈஸ்ட்டில் இது அதிகம். பெரும்பாலும் வாயுவோடு சேர்ந்து போய்விடும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

> இஞ்சி பூண்டு விழுதைப் ‘பச்சை வாடை போக வதக்கவும்’ என்கிறோமே. அதே சொல் போதாதா?

ஜார்ஜ்டவுன் அக்கா சொன்னதுதான் இந்த இழையில் வந்ததிலேயே நல்ல யோசனை. வீட்டுச் சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கா, சமையலறையில் பச்சை வாடை அடுப்பில்தான் போகிறது. அந்தப் பழக்கத்தோடு படிக்கிறவர் ‘கொதி போதவில்லை போல, அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விடுவோம்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கொதிக்கவிட்டுப் போக்க வேண்டிய வாடை பீரில் தனியாக ஒன்று இருக்கிறது: டிஎம்எஸ் (டைமெத்தில் சல்பைடு), அவித்த சோள வாடை. அதைப் போக்கத்தான் முளைதானியச் சாற்றை மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுகிறோம். அசிட்டால்டிஹைடு உண்டாவதே அடுப்பை அணைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்ட பிறகு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் அத்தியாயம் குழம்பிவிடும்.

என் முன்மொழிவு: வழைச்சு.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து மது செய்யும் முறை வருகிறது. அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றி, அடை (நொதிக்க வைக்கும் சேர்மானம்) கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைக்கிறார்கள். அங்கேதான் ‘வழைச்சற விளைந்த’ என்ற தொடர் இருக்கிறது. வழைச்சு என்றால் இளமை, முற்றாத தன்மை. அது அறும்படி விளைந்தது அந்த மது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது: குறை என்ன, அது எங்கே போகிறது, எப்படிப் போகிறது. அடுப்பில் அல்ல, சாடியில். சேர்ப்பதற்கு எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வழி. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தாப்பாய் (நொதித்த அரிசிப் பண்டம்) விற்கிறவரைக் கேட்டால் அவரும் இரண்டு மூன்று நாள் கணக்குத்தான் சொல்வார். (அவர் சொல்லும் ‘ராகி’ நம் கேழ்வரகு அல்ல, நொதிக்க வைக்கும் வில்லை. இதைச் சொல்லாவிட்டால் யாராவது கூழ் காய்ச்சிவிடுவார்கள்.) அதே நூலில் இன்னோர் இடத்தில் ‘இல்லடு கள்’ என்றும் வருகிறது, வீட்டில் ஆக்கிய கள். கையேட்டின் தலைப்புக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று தனியாகப் பேசலாம்.

எதிர்ப்புகளையும் பார்த்துவிடுவோம். வழக்கொழிந்த சொல் என்கிறீர்கள். ஒழிந்ததுதான், அதனாலேயே அதன்மேல் வேறு பொருள் ஏறவில்லை. ‘கள்’, ‘சாராயம்’ எதை எடுத்தாலும் இங்கே மலேசியாவில் தோட்டத்துக் கள்ளுக்கடை ஞாபகம் கூடவே வந்து நிற்கும். 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தோட்டக் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. அந்தப் பாரம் இல்லாத சொல் கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்தது உச்சரிப்பு. ‘வழைச்சு இருக்கு’ என்பதை நம்மில் பாதிப் பேர் ‘வளைச்சு இருக்கு’ என்று சொல்வோம், கேட்கிறவர் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பார். இது உண்மையான குறை, மறுக்கவில்லை. ஆனால் மீன் கடையில் வாளை கேட்டால் யாரும் வாழை எடுத்துத் தருவதில்லையே. வழை என்பது சுரபுன்னை மரத்தின் பழைய பெயர் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், ஆனால் பீர் பேச்சில் சுரபுன்னை குறுக்கே வரப்போவதில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, கிளை விடுகிறது என்பது. ஆப்பிள் வழைச்சு, வெண்ணெய் வழைச்சு, கந்தக வழைச்சு என்று மூன்றையும் ஒரு குடும்பமாக வைக்கலாம். ‘வழைச்சறுதல்’ என்றால் பீர் பக்குவமாகும் காலம். அந்தக் குடும்பத்தில் சேராதவற்றுக்கு இந்தப் பெயரைத் தரவே கூடாது. வினிகர் புளிப்பு பாக்டீரியா வேலை. ஈர அட்டைப்பெட்டி வாடை காற்று பட்டதால் வந்தது. மருத்துவமனை பிளாஸ்திரி வாடை பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரினால் வருவது. இவை எதுவும் காத்திருந்தால் போகாது. வெண்ணெயில் மட்டும் ஒரு எச்சரிக்கை வேண்டும்: சில பாக்டீரியாக்களும் டயசிட்டைலை உண்டாக்கும். புளிப்போடு சேர்ந்து வெண்ணெய் வந்தால், அல்லது நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போனால், அது வழைச்சு அல்ல, கெட்டுப்போனது.

பரிகாரம் பகுதியில் வெப்பநிலையைத் தெளிவாக எழுத வேண்டும். வழைச்சறுவதற்குக் கடைசியில் இரண்டு மூன்று டிகிரி கூட்டலாம், ஈஸ்ட் சுறுசுறுப்பாகும். தொடக்கத்திலேயே சூடாக இருந்தால் கதை வேறு. வழக்கமான ஏல் (லாகரைவிடச் சற்றுச் சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். கோலாலம்பூர் வீட்டுக்குள் இருக்கிற 30 டிகிரியில் அதை விட்டால் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும், அவை பிறகு போகவே போகாது. அதுவும் வழைச்சு அல்ல. நார்வேயின் குவைக் ஈஸ்ட் மட்டும் 35 டிகிரியிலும் சுத்தமாக வரும். ஆனால் உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பதற்கு நம் ஊரில் 1976 கலால் சட்டம் இடம் தருவதில்லை. கையேடு மெல்பர்னிலும் டொரான்டோவிலும் இருக்கிற நம்மவர்களுக்கு என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

> ‘நொதித்தல் நின்றுபோதல்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, அதுவே நன்றாக இருக்கிறது. காற்றுப்பூட்டில் (கலத்திலிருந்து வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில்) குமிழி வரவில்லை என்பதை மட்டும் வைத்து நின்றுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது என ஒரு வரி சேருங்கள். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் கருவிகளும் ஏமாற்றும். அடர்த்திமானியை 20 டிகிரிக்கு அளவிட்டிருப்பார்கள், 30 டிகிரி பீரில் அது 0.002, 0.003 குறைத்துக் காட்டும். ஒளிவிலகல்மானி ஆல்கஹால் கலந்ததும் கூட்டிக் காட்டும். ‘நின்றுபோன’ பீர்களில் சில அந்தக் கருவிக்குள் மட்டும்தான் நின்றிருக்கும்.

யாழ்ப்பாண நண்பர் கேட்ட ‘மதுவம்’ பற்றி: இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்ட்டுக்கு அதுதான் சொல், எனக்கு மறுப்பில்லை. முதல்முறை வரும்போது இரண்டையும் போட்டுவிட்டு, பிறகு ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

வழைச்சுக்கு எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு. இல்லையென்றால் கையேட்டின் சொல் அட்டவணையில் அதையே போட்டு அனுப்பிவிடுகிறேன். ‘வோர்ட்’ (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்புச் சாறு) என்பதற்கு ‘முளைச்சாறு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை அடுத்த இழையில் எடுத்துக்கொள்வோம்.