கூரைக்குள் பறக்கிறவள் வெயில் குளத்தில் ஏன் சோர்ந்துபோகிறாள்?

பினாங்கு_அம்மா:
வணக்கம். மகள் படிவம் 2, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்த நீச்சல்) நீந்துகிறாள். மூன்று வருடமாக பினாங்கில் ரெலாவ் என்ற இடத்தில் கூரை போட்ட குளத்தில்தான் பயிற்சி. அங்கே போட்டி என்றால் முதல் நாள் இரவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுவாள். போன மாதம் ஒரு திறந்தவெளிக் குளத்தில் போட்டி. போகும்போது நன்றாகத்தான் போனாள், திரும்பி வரும்போது கோணல்மாணலாகப் போய் லேன் கயிற்றில் (ஒவ்வொருவர் பாதையையும் பிரிக்கிற மிதவைக் கயிறு) இரண்டு தடவை கை இடித்து, அதற்கப்புறம் ஏதோ மிதந்து கரை சேர்ந்த மாதிரிதான். வழக்கத்தைவிட நாலு செகண்ட் அதிகம். அடுத்ததும் வெளிக் குளம். “பேர் கொடுக்காதீங்கம்மா” என்கிறாள். கோச் மனவுறுதி போதாது என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பழைய_நீச்சல்காரன் (கேஎல்):
அக்கா, உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. பேக்ஸ்ட்ரோக்கில் முகம் மேலே பார்த்தபடி இருக்கும், கூரை இருந்தால் உத்தரத்தையோ விளக்கு வரிசையையோ பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடலாம். அவளுக்கே தெரியாமல் மூன்று வருடமாக அதைத்தான் செய்திருப்பாள். வானத்தில் என்ன கோடு இருக்கிறது, மேகம்கூட நகர்ந்துவிடும்! கயிற்றில் ஒரு தடவை கை பட்டாலே ‘போச்சு’ என்று தோன்றும், அங்கேதான் ஆர்வம் விடுகிறது.

எந்தக் குளமானாலும் மாறாததை அவளுக்குப் பழக்குங்கள். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கொடி கட்டியிருப்பார்கள், லேன் கயிற்றிலும் கடைசி 5 மீட்டர் வேறு நிறம். கொடியிலிருந்து சுவர் வரைக்கும் எத்தனை கைவீச்சு என்று எண்ணட்டும். 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் கோகல்ஸுக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றும் தெரியாமல், கைவீச்சை எண்ணியே 1:52.03 நேரத்தில் தங்கம் எடுத்தார், அதுவும் உலக சாதனை. அப்புறம், கறுப்புக் கண்ணாடி கோகல்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், கூரைக் குளத்தில் போடுகிற நிறமில்லாத கண்ணாடி வெயிலுக்கு ஆகாது.

வெயில்_பிள்ளை:
நான் அப்படியே தலைகீழ், லா. கேஎல் சின் வூ வெளிக் குளத்தில் கருகி வளர்ந்தவள். முதல் தடவை புக்கிட் ஜாலில் கூரைக் குளத்தில் நீந்தினபோது அண்டாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. விசில், கைத்தட்டல், அறிவிப்பு எல்லாம் எதிரொலித்து ஒன்றாகிவிட, எங்கள் ஆள் கத்துவது எது என்றே தெரியவில்லை. உள்ளே மூச்சை அடைக்கிற அந்த வாடை வெறும் குளோரின் இல்லை, குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாவது, கூரைக்குள் நீர்மட்டத்துக்கு மேலேயே தங்கிவிடும். அதனால் அவளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வெளிக் குளம் வேகம் தராது என்றும் யாராவது சொன்னால் நம்பாதீங்க, 2009 ரோம் உலகப் போட்டி திறந்தவெளியில்தான் நடந்தது, 43 உலக சாதனை. (அந்த வருடம் போட அனுமதித்த, வேகம் கூட்டுகிற நீச்சலுடைக்குத்தான் பெரும் பங்கு, அது வேறு கதை.)

மழை_மாமா:
ஒன்றை யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் எல்லோரையும் தண்ணீரை விட்டு ஏற்றிவிடுவார்கள், அரை மணியும் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும். பிள்ளைகளின் சூடு அங்கேதான் ஆறிப்போகிறது. காய்ந்த துண்டு இரண்டு, ஒரு ஜாக்கெட், வாழைப்பழம் பையில் இருக்கட்டும். கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கை கால் உதறிக் குதிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை மட்டும் கொடுக்காதீர்கள்.

பினாங்கு_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஒரு வெளிக் குளத்துக்கு அழைத்துப் போனேன். கொடியிலிருந்து எண்ணினால் ஐந்து வருகிறதாம், ரெலாவில் நாலுதான் என்று அவளே குழம்பினாள். கடைசியில் பார்த்தால் வெளியே பயந்துகொண்டு கையைக் குறுக்கி வீசுகிறாள். மூன்றாவது சுற்றில் நாலு வந்தது. கயிற்றில் ஒரு தடவைதான் இடித்தாள். பேர் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை, ஆனால் கறுப்பு கோகல்ஸ் என்ன விலை என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.