பில் பதியும்போது ஒரே வேலையில் மனம் நிற்க என்ன வழி?

கேள்வி – தெற்கு மாசி வீதிக் கணக்கர்:
மதுரையில் ஒன்பது ஜவுளிக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதி வருகிறேன். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும் 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்குப் படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், முதல் வாரத்திலேயே மேசையில் பில் கட்டுகள் குவிந்துவிடும். ஒரு கடையின் பில்லைப் பதிந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, மறு நிமிடமே போனில் அழைத்து, பார்த்துவிட்டீர்களா என்று கேட்பார். இந்தக் குழப்பத்தில் சென்ற மாதம் ஒரு விற்பனை பில்லை வேறொருவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றிவிட்டேன், சரக்கு வாங்கியவர், தமக்கு வர வேண்டிய உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்வது) காணோம் என்று சத்தம் போட்ட பிறகே தவறு தெரிந்தது. போனை அணைத்து வைத்தால் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1 – திருநகர் ஆசிரியர்:
ஐயா, ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று குறித்துவிட்டு எழுந்தவர்களுக்கு இந்த எச்சம் குறைகிறது என்பதை அவரும் இன்னொருவரும் 2018இல் காட்டினார்கள். ஆகவே போனை எடுக்கும் முன் அந்தக் குறிப்பை எழுதிவிடுங்கள்.

பதில் 2 – சுங்குடி வீட்டுப் பெண்:
என் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். புள்ளி வைத்த துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசுவார். ஒரு முடிச்சும் தவறாது, ஏனெனில் அந்த வேலை கைக்குப் பழகிவிட்டது. ஆனால் கூலிக் கணக்கைக் கூட்டும்போது மட்டும் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. தங்கள் வேலையிலும் எது கை செய்வது, எது மனம் செய்வது என்று பிரித்துப் பாருங்கள். பில்களைத் தேதிவாரியாக அடுக்கும்போது போன் பேசலாம். எண்ணைப் பதியும்போது வேண்டாம்.

பதில் 3 – கடைக்காரர்:
பில் அனுப்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். பில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால்தான் அழைக்கிறோமே தவிர, தொல்லை கொடுக்க அல்ல. மாலை நான்கு மணிக்கு மேல் எல்லாவற்றையும் பார்த்துப் பதில் தருவேன் என்று ஒரு வரி அனுப்பினால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். கடைசி நாளுக்கு முந்தைய பத்தாம் தேதி இரவு மட்டும் எவரும் அந்த வரியை மதிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். 25 நிமிடம் அலாரம் வைத்து வேலை செய்யும் முறையையும் நான் முயன்றேன். கட்டு பாதியில் இருக்கும்போது மணி அடித்து எரிச்சலூட்டியதால், கடிகாரத்தை விட்டு, ஒரு கட்டு முடியும்வரை எழுவதில்லை என்று மாற்றிக்கொண்டேன்.

கணக்கர்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை அழைப்பு வந்தபோது, 214 வரை முடிந்தது, 215இல் வரி விகிதம் பார்க்க வேண்டும் என்று துண்டுத் தாளில் எழுதிய பிறகே போனை எடுத்தேன். திரும்பி வந்து தேடவில்லை. நான்கு மணி அறிவிப்பை இன்றிரவு எல்லாருக்கும் அனுப்பப் போகிறேன்.